முதலை வாசலிலிருந்து முத்துராஜவெல வரை

கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் முதல் தடவை வந்தது 2018 ஆகஸ்டில். கட்டுநாயக்கவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, கொழும்பில என்ன இருக்கு? ரெண்டு நாள் நிண்டிட்டுக் கண்டி, நுவரெலியாப் பக்கம் போவம்." இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வெள்ளவத்தையில் குடியிருக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது. ஒரே நாளில் ஊர் முழுவதையும் காட்டிவிடுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, வான் பிடித்துப் புறப்படவே பத்தரை ஆகிவிட்டது. காலி வீதி நெரிசலைத் தாண்டிப் புறக்கோட்டையில் இறங்கியபோது பதினொன்றரை. வெயில் ஒருபக்கம், கடலோர ஊரின் புழுக்கம் மறுபக்கம். தங்கச்சியின் மாமியாருக்கு அப்போது எழுபது வயது. பிரதான வீதியில் தலை சுற்றி ஒரு துணிக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைப் பொடியன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உள்ளே இருந்த மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டான். பிறகு நூதனசாலையை அரை மணித்தியாலத்தில் ஓடிப் பார்த்தோம். மூன்று மணிக்குக் காலிமுகத்திடல். நிழல் தர ஒரு மரமில்லாத அந்தப் புல்வெளியில் கண்ணைக் கூசிக்கொண்டு நின்று படம் எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் இரண்டும் சுருண்டு படுத்துவிட்டன. மறுநாள் விடியக் கண்டி.

ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் காட்டிய விதம்தான் பிழை. அன்று முதல் கொழும்புக்கு யார் வந்தாலும் ஒரு நாளைக்கு இரண்டு இடம் மட்டும்தான். விடியலில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பதினொரு மணியிலிருந்து மூன்றரை வரைக்கும் கூரைக்குக் கீழே. வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்கு வெளிச்சம் வந்து, மாலை ஆறு, ஆறேமுக்காலுக்குள் இருட்டிவிடும் நாடு இது. நீண்ட கோடை மாலைகளுக்குப் பழகியவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் காலையைத் தூங்கித் தொலைத்துவிடுகிறார்கள்.

அவர்கள் திரும்ப வந்தது 2024 பெப்ரவரியில். மாதத்தை நான்தான் சொன்னேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழையும் இடியும். ஏப்ரலிலும் பின்னேரம் மின்னல் பொல்லாதது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் எங்கள் மேற்குக் கரைக்கு நல்ல காலம். அதோடு வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் அப்போது இங்கே இருக்கும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம். கிழமை நாட்களில் ஏழு மணிக்குப் பிறகு கோட்டைப் பக்கம் போகும் ரயிலில் கந்தோர்க்காரர் நெருக்கியடித்து நிற்பார்கள். வயதானவர்களோடு ஏற முடியாது. சனிக்கிழமை விடியலில் இருக்க இடம் கிடைக்கும். கோட்டைக்குப் போகும்போது இடப்பக்க யன்னல், கல்கிசை, பாணந்துறைப் பக்கம் போகும்போது வலப்பக்கம். அந்தப் பக்கம்தான் கடல். கொள்ளுப்பிட்டி வரைக்கும் தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் கல் அணை மட்டும்தான். தங்கச்சியின் சின்னவன் கை நீட்டினான், உப்புத் தூவானம் கையில் பட்டது. ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் தண்டவாளத்தில் நின்றோ, ரயில் கதவில் தொங்கியோ படம் எடுக்க வேண்டாம். கடல் இரைச்சலில் பின்னால் வரும் ரயில் காதில் விழாது. இந்தக் கரையில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

கோட்டை ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கேணல் ஒல்கொட் சிலை. அதைத் தாண்டிப் புறக்கோட்டைக்குள் நுழைந்தபோது கடைகள் அப்போதுதான் பலகை திறந்துகொண்டிருந்தன. சுமை தூக்கும் நாட்டாமைகள் தள்ளுவண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு "பாரம், பாரம்" என்று வழி கேட்டார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பள்ளிவாசல். ஜாமிஉல் அல்ஃபார் என்பது அதன் பெயர், பழைய ஆட்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். 1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். குமிழ்களைப் பார்த்தால் மாதுளம்பழம் மாதிரி இருக்கும். தொழுகை நேரத்தைத் தவிர்த்து, தலையும் உடம்பும் மூடிய உடுப்போடு வாசலில் கேட்டால் பார்க்க விடுவார்கள். வெள்ளி மதியம் மட்டும் அந்தப் பக்கம் போகவேண்டாம், தெருவே நிறைந்திருக்கும்.

பிரதான வீதி முடிகிற இடத்தில் ஒரு பழைய மணிக்கூண்டு நிற்கிறது. முன்னூறு பேர் கடந்துபோனால் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானே பல வருடம் பார்க்காமல் போயிருக்கிறேன். அந்த இடத்துக்குக் கேமன்ஸ் கேட் என்று பெயர். ஒல்லாந்தர் மொழியில் கேமன் என்றால் முதலை. கோட்டையைச் சுற்றியிருந்த நீரில் முதலைகள் இருந்த காலத்தில் அது கோட்டையின் ஒரு வாசல்.

"முதலையோ? இங்கயோ பெரியம்மா?" சின்னவன் கீழே குனிந்து வடிகானைப் பார்த்தான்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயம். 1749இல் அடிக்கல் வைத்து, 1757இல் வழிபாடு தொடங்கியது. அந்தப் பெயருக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று அர்த்தம். இலங்கையில் ஓநாய் கிடையாது. சதுப்பில் திரிந்த நரிகளைத்தான் ஐரோப்பியர் அப்படி நினைத்திருக்கிறார்கள். கறுவாத்தோட்டம் என்று இன்று நாங்கள் சொல்லும் பணக்காரத் தெருக்கள் உண்மையிலேயே கறுவாப்பட்டைத் தோட்டமாக இருந்தவை. முதலை, நரி, கறுவா. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்குச் சொன்ன பிறகுதான் எனக்கே ஒன்று தெளிந்தது. ஊர் வேறு, காடு வேறு என்று பிரித்து, காட்டைப் பார்க்க நாலைந்து மணித்தியாலம் வான் ஓடவேண்டும் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் பயணத்தின் பெரிய பிழை. கொழும்பு தண்ணீருக்கு மேல் கட்டின ஊர். தண்ணீர் போன வழியே போனால் காடும் தானாக வரும்.

செட்டியார் தெருவில் நகைக் கடைகளுக்கு நடுவே பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில் இரண்டும் இருக்கின்றன. ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். அந்த நாட்களில் கொழும்பில் இருந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பக்கத்துக் கடையொன்றில் தோசையும் உழுந்து வடையும் பிளேன்டீயும் குடித்துவிட்டு கொச்சிக்கடை நோக்கி நடந்தோம்.

பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் கால் வைத்ததும் மாமி "அப்பாடா" என்றார். முழுவதும் கருங்கல். 19ஆம் நூற்றாண்டில் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெளியே எவ்வளவு கொதித்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும், எண்ணெய் விளக்கின் மங்கல் வெளிச்சம் மட்டும் தூண்களில் விழும். துறைமுகத்துப் பாரவண்டிகளின் சத்தம் உள்ளே வருவதில்லை. மாமி ஒரு தூணில் சாய்ந்து முக்கால் மணித்தியாலம் இருந்தார். நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. போன தடவை துணிக்கடைப் படியில் இருந்த அதே மனுசிதான்.

கொஞ்சத் தூரத்தில் புனித அந்தோனியார் ஆலயம். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. செவ்வாய்க்கிழமைகளில் சைவர், பௌத்தர், இஸ்லாமியர் எல்லோரும் மெழுகுதிரியோடு வருவார்கள். நானும் என் மகனின் சோதனைக்கு முதல் வந்து நின்றிருக்கிறேன். உள்ளே பையைச் சோதிப்பார்கள், பொறுமையாகத் திறந்து காட்டுங்கள். தங்கச்சி வெகுநேரம் பேசாமல் நின்றாள். பத்தரைக்கு வீட்டில் இருந்தோம்.

மத்தியான வெயிலுக்குத் தேசிய நூதனசாலை நல்ல இடம். தேசாதிபதி வில்லியம் கிரெகரி காலத்தில் கட்டி, 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டி அரசர்களின் சிம்மாசனத்தின் முன்னால் எல்லோரும் கூட்டமாக நிற்பார்கள். தமிழர்கள் தேடிப் போய் நிற்கவேண்டிய கல் வேறொன்று. 1409ஆம் ஆண்டு திகதியிட்டது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். அதில் மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற பெருமாளுக்கும் காணிக்கை கொடுத்ததாக எழுதியிருக்கிறது. தெனவரை என்பது தென்கோடியில் இருக்கும் தேவேந்திரமுனை. எழுத்து மிகவும் தேய்ந்துபோயிருக்கிறது, சும்மா கடந்தால் ஒன்றும் தெரியாது. ஸ்காபரோவில் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெறாமகள் அந்தக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். ஒரு நாளில் நூதனசாலையை முழுவதும் பார்க்க முயலாதீர்கள். மூன்று பொருளை முடிவு செய்து, மூன்றுக்கும் நேரம் கொடுங்கள். போயா நாட்களிலும் பொது விடுமுறைகளிலும் போவதற்கு முதல் திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். மாதாமாதம் பௌர்ணமி இங்கே விடுமுறை. அன்று மதுபானம் எங்கும் விற்கமாட்டார்கள்.

காலிமுகத்திடலுக்கு இந்த முறை ஐந்து மணிக்குப் போனோம். நடைபாதையோரம் ஒரு பழைய கல் இருக்கிறது: சேர் ஹென்றி வார்ட் என்ற தேசாதிபதி 1856இல் இந்த நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்வருபவர்களுக்குச் சொல்லிவைத்த கல். 2022இல் அரசுக்கு எதிராக அதே புல்வெளியில் கூடாரம் அடித்து மக்கள் இருந்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பட்டம் விடுகிற குடும்பங்கள், இறால் வடைத் தட்டுகள், மாங்காய் அச்சாறு. வடை கண் முன்னால் பொரிபட்டு வந்தால் சாப்பிடுங்கள். ஆறிக் கிடப்பதை வேண்டாம். இங்கே கடலில் குளிக்கக்கூடாது. கல் அணையும் இழுப்பும் உள்ள இடம் அது. கால் நனைக்கக் கல்கிசைக்குப் போகலாம், அங்கும் பருவக்காற்று மாதங்களில் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவேண்டாம்.

முதல் தடவை தங்கச்சியின் கணவர், எங்கள் மச்சான், தனியே இங்கே நடந்தபோது நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேர்த்தியாக உடுத்த ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்று அன்பாக விசாரித்துவிட்டு, "இண்டைக்கு மட்டும் ஒரு விகாரையில யானைப் பெரஹரா ஊர்வலம், ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும்" என்று கூறி ஒரு ஓட்டோவில் ஏற்றிவிட்டார். பெரஹராவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஓட்டோ போய் நின்றது ஒரு இரத்தினக்கல் கடை வாசலில். அங்கே நாற்பது நிமிடம் வற்புறுத்தல், திரும்பி வர வாய்க்கு வந்த கூலி. மச்சான் அன்று இரவு சாப்பிடவில்லை; பணம் போனதை விட, நம்பிப் பேசின மனிதன் ஏமாற்றியது அவரை அறுத்தது. தெருவில் தானாக வந்து "இன்றைக்கு மட்டும்" என்று எவர் சொன்னாலும் நன்றி சொல்லி நடவுங்கள். ஓட்டோவை பிக்மி, ஊபர் செயலியில் கூப்பிட்டால் கூலி முன்கூட்டியே தெரியும். தெருவில் மறித்தால் மீட்டர் உள்ளதில் ஏறுங்கள்.

கங்காராம விகாரையையும், பேர வாவியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமா மாலகம் என்ற பௌத்த மண்டபத்தையும் ஒரே பின்னேரத்தில் பார்க்கலாம். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு, கையில் சப்பாத்து. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. இங்கே அது விளையாட்டு விஷயமில்லை. வாவியில் கூழைக்கடாக்கள் மிதக்கும்.

தாமரைக் கோபுரத்தில் எனக்குப் பெரிய ஆசை இருக்கவில்லை, பிள்ளைகளுக்காக ஏறினேன். 350 மீட்டருக்கு மேல் உயரமானது, 2022இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஏறினது நல்லதாயிற்று. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முதல் மேலே போய் நின்றால் ஊரின் உடம்பு தெரிகிறது. மேற்கே கடல், காலடியில் பேர வாவி, வடக்கே களனி கங்கை, கிழக்கே ராஜகிரிய, பத்தரமுல்லைப் பக்கம் கட்டடங்களுக்கு நடுவே பச்சைத் திட்டுத் திட்டாக ஈரநிலம். மழை பெய்தால் ஊர் மூழ்காமல் வெள்ளத்தை வாங்கி வைப்பது அந்தத் திட்டுகள்தான். 2018இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கே இது தெரியாது. "நாளைக்கு அந்தப் பச்சைக்குள்ள போவம்" என்றேன்.

தலங்கம வாவிக்கு வெள்ளவத்தையிலிருந்து விடியப்புறம் அரை மணித்தியால ஓட்டம். ஆறேகாலுக்கு அணைக்கட்டில் நின்றோம். தாமரை இலைகள் மேல் நடக்கும் நீண்டவிரல் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, மரத்தில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்கள். கரையில் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு ஒன்று ஆளளவு நீளத்தில் நகர்ந்தது. பெறாமகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அதன் பாட்டுக்கு விட்டால் அது ஒன்றும் செய்யாது. ஆனால் நாங்கள் உண்மையில் தேடி வந்தது மேலே இருந்தது. ஒரு வீட்டுத் தோட்டத்துப் பலா மரத்தில் ஊதாமுகக் குரங்குக் குடும்பம் ஒன்று. கறுத்த முகம், வெளுத்த தாடி, நீண்ட வால். இலங்கையில் மட்டுமே உள்ள இனம். அதிலும் இந்த மேற்குக் கரை வகை அழிவின் விளிம்பில் நிற்கிறது. காடு போனபிறகு அவற்றுக்கு மிஞ்சியிருப்பது இப்படியான வீட்டுத் தோட்டங்களின் பலாவும் மாவும்தான். தளிரைப் பறித்து மெதுவாக மென்றுகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒன்று. மாமி கீழே விரித்த துவாயில் இருந்து அண்ணாந்து பார்த்தபடி, "அதுக்கும் எங்களை மாதிரி வீடு சுருங்கிப் போச்சு" என்றார். யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு வந்தவர் அவர். நான் ஒன்றும் பேசவில்லை.

சாப்பாடு போட்டு அவற்றைக் கூப்பிட வேண்டாம். இலை தின்னும் வயிறு அது. பாணும் பிஸ்கட்டும் அவற்றுக்குக் கேடு. நுளம்புக்கு எண்ணெயோ கிரீமோ பூசாமல் எந்த ஈரநிலத்துக்கும் போகாதீர்கள். டெங்கு நுளம்பு பகலில், அதிலும் விடியலிலும் பின்னேரத்திலும் கடிக்கும். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை. நேரம் குறைந்தவர்களுக்குப் பத்தரமுல்லைப் பக்கம் தியசரு, பெத்தகான என்று பலகைப் பாதை போட்ட ஈரநிலப் பூங்காக்கள் உண்டு. சக்கர நாற்காலியோடும் ஓரளவு போகலாம்.

முத்துராஜவெல இதைவிடப் பெரிது. களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த சதுப்பு. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்றும், கால்வாய் வெட்டியதில் உவர்நீர் ஏறி வயல் கெட்டது என்றும் சொல்வார்கள். பமுனுகம பக்கம் போபிட்டியவில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது; அங்கிருந்து படகு. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் வழியாகப் போய்க் களப்புக்குள் திரும்பும். ஊரில் இதை டச்சுக் கால்வாய் என்றே சொல்கிறார்கள்.

முதல் தடவை நான் வேறு விருந்தினரோடு போனபோது, வழியில் மறித்த ஒருவரின் படகில் ஏறிவிட்டேன். இயந்திரத்தை முறுக்கிப் பறவைக் கூட்டத்துக்குள் விட்டு, "பறக்கிறதைப் படம் எடுங்கோ" என்றார். குரங்குகளுக்கு வாழைப்பழம் எறிந்து காட்டினார். எனக்குச் சாப்பிட்டது நெஞ்சில் நின்றது. இப்போது ஏறுவதற்கு முதலே சொல்லிவிடுகிறேன்: மெதுவாகப் போகவேண்டும், பறவைக்குக் கிட்டப் போகவேண்டாம், சாப்பாடு போடவேண்டாம், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் வேண்டும். அப்படிச் சொன்னால் நல்ல படகுக்காரர் சந்தோஷப்படுவார். இந்த முறை வந்தவர் அப்படிப்பட்டவர். ஒரு திருப்பத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கோலால் தள்ளினார். கண்டல் வேர்களுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. இரண்டு நிமிடம் எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு நீல மீன்கொத்தி ஒன்று கோடு கிழித்ததுபோலக் கடந்தது.

சேற்றுக் கரையில் பழுப்பாக ஒரு மரக்கட்டை. படகுக்காரர் விரலால் காட்டினார். மரக்கட்டைக்குக் கண் இருந்தது.

சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னான்: "பெரியம்மா, அந்த மணிக்கூண்டு முதலை இங்க வந்திட்டுது."

அதே வேர்களில் கொழும்பிலிருந்து மிதந்துவந்த பொலித்தீன் பைகளும் சிக்கிக் கிடந்தன. அதையும் பிள்ளைகளுக்கு மறைக்கவில்லை. படகு ஏழு மணிக்கு முதல் புறப்பட வேண்டும். ஒன்பதுக்குப் பிறகு பறவை அடங்கிவிடும், தண்ணீரில் எதிரொளிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம். திரும்பும் வழியில் செவ்விளநீர் குடித்தோம். வயிற்றுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

மழைக்காடு பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு சிங்கராஜ. இது ஒரு நாளில் போய்வரும் இடமல்ல. கலவானைப் பக்கம் குடாவ வாசலுக்குக் கொழும்பிலிருந்து ஏறக்குறைய நாலு மணித்தியாலம். முதல் நாள் பின்னேரம் போய் அங்கே வீட்டோடு சேர்ந்த விடுதியில் தங்கி, விடியக் காட்டுக்குள் இறங்குவதுதான் சரி. மாமியும் தங்கச்சியும் வீட்டில் நின்றுவிட, நாங்கள் நாலு பேர் போனோம். நுழைவுச்சீட்டு எடுக்கும் இடத்திலேயே வழிகாட்டி ஒருவரைத் தருவார்கள், அவர் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு இங்கும் வேறு பல இடங்களிலும் கட்டணம் கூட. சில இடங்களில் சார்க் நாட்டவருக்குக் குறைவு. இந்தியாவிலிருந்து வருபவர்கள் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள்.

நடக்கிற பாதை 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டிக்கொண்டுபோன பாதை. எதிர்ப்புக் கிளம்பி 1977இல் வெட்டுவதை நிறுத்தினார்கள்; 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு மணித்தியாலம் நடந்தும் ஒரு பறவையும் இல்லை. பெறாமகள் முகம் வாடிவிட்டது. வழிகாட்டி கையைத் தூக்கி நிற்கச் சொன்னார். தூரத்தில் சலசலவென்று ஒரு பேச்சு. தவிட்டுக்குருவிக் கூட்டம். அதன் பின்னால் கொண்டைக் கரிச்சான், அதன் பின்னால் சிங்களத்தில் கெஹிபெல்லா என்று சொல்லும் நீலப் பறவை, சிவந்த அலகும் நீண்ட வாலுமாக. பல இனங்கள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டம் இது. சிங்கராஜவின் பெரிய அதிசயம் இதுதான். எங்கள் தலைக்கு மேலால் ஒரு ஊர்வலம் போல் போனது. பத்து நிமிடத்தில் காடு மறுபடி மௌனம். ஆகவே அங்கே போகிறவர்கள் நடந்துகொண்டே இருக்க வேண்டாம். நின்று காது கொடுங்கள்.

அட்டை கடிக்கும். பெப்ரவரியில் குறைவு, ஆனால் மழை விட்டுவிட்டுப் பெய்யும் காட்டில் இல்லாமல் போகாது. முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையை அங்கேயே விற்பார்கள். காற்சட்டையை அதற்குள் விட்டுக் கட்டி, சித்தாலேப என்ற மூலிகைத் தைலம் அல்லது சவர்க்காரம் பூசுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்கவேண்டாம். உப்போ தேசிக்காய்ப் புளியோ வைத்தால் விழும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் கடிவாய் கொஞ்ச நேரம் ஒழுகும். கழுவி, துணியால் அமத்திப் பிடித்தால் நிற்கும். மச்சானுக்கு ஆறு கடி. ஓடைகளில் பிள்ளைகளைக் குளிக்க விடும்போது மலைப்பக்கம் வானத்தைப் பாருங்கள். மேலே இருண்டு, தண்ணீர் கலங்கத் தொடங்கினால் உடனே கரையேற வேண்டும். இங்கே வெயில் எறிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

அந்தளவு நடக்க முடியாதவர்களுக்குக் கம்பஹாவில் ஹெனரத்கொட பூங்கா போதும். கோட்டையிலிருந்து ரயிலில் போகலாம். 1876இல் ஆசியாவின் முதல் இறப்பர் மரம் நட்ட மண் அது.

கண்டிக்கு அவர்கள் இந்தத் தடவை போகவில்லை. போகாமல் விட்டது பற்றி ஒருவரும் பேசவுமில்லை.

விமானம் காலை ஏழு மணிக்கு. நாலு மணிக்கு முன்பே அதிவேகப் பாதையில் ஏறிவிட்டோம். பேலியகொடை தாண்டினால் அந்த வீதி சதுப்பின் ஓரத்தை அறுத்துக்கொண்டுதான் கட்டுநாயக்கவுக்குப் போகிறது. வெளியே கும்மிருட்டு, தூரத்தில் ஒன்றிரண்டு விளக்கு. தங்கச்சி நித்திரை. பின் சீட்டில் சின்னவன் மட்டும் கண்ணாடியை இறக்கச் சொன்னான். சேறும் உப்பும் கலந்த மணம் உள்ளே வந்தது.

"அந்த இடந்தானே பெரியம்மா?"

"ஓம் அப்பன்."

சாரதியிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னேன்.